பகலில் யாரும் இல்லை

ஜெயசங்கர் அந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ரத்தினம் அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட மகன் சிங்கப்பூரில எந்தக் கொம்பனி எண்டு சொன்னியள்? எங்கட சசிதரனும் அங்கதான். ஞாயிற்றுக்கிழமையில படுத்துக் கிடக்கிற சோம்பேறி, ஒருக்காப் போய்ப் பார்க்கச் சொல்லலாம்."

கணினித் திரையில், மெல்பர்னில், அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை முகுந்தனும் அவனுடைய தாயும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசங்கர் அந்தத் தாயின் தம்பி. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது திரை கறுத்தது. பிறகு நீலமாகி, நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுழன்றன. புதுப்பிப்பு நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பக்கத்தில் மூன்று சதவீதம்.

திரையின் மூலையில் ஒரு சின்ன அறிவிப்புப் பெட்டி சற்று முன்பு எழுந்ததை நான் கவனித்திருந்தேன். அதை மூடிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். இந்தப் பெட்டிகள் எழும்போதெல்லாம் அப்படித்தான் செய்வேன். புதுப்பிப்பை நிறுத்திவைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் அதை அழுத்தித் தள்ளிப்போட்டேன். புக்கிட் பெலண்டோக்கில் ஓர் எஸ்டேட்டின் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு மண்வெட்டிகூட ஸ்டோரை விட்டு வெளியே போனதில்லை. என் வீட்டு மேசையில் இருக்கும் ஒரு பொருள் தானாக முடிவெடுப்பதை நான் விரும்பியதில்லை.

என் மனைவி அன்னபூரணம் பலகாரத் தட்டோடு அப்படியே நின்றாள். மெல்பர்ன்காரர்கள் பார்க்கட்டும் என்று மேசையில் வைப்பதற்காகச் சுட்ட பலகாரம் அது. மகள் அனுஷியா சேலையைச் சரிசெய்தபடி கைப்பேசியை எடுத்தாள். அவள் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் கணக்காளர். பெண் பார்க்கும் பேச்சு இதற்கு முன்னும் இருமுறை வந்து, காரணம் சொல்லப்படாமல் நின்றுபோயிருந்தது. காரணம் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த முறை கடல் தாண்டிப் பார்த்தோம்.

"அவங்ககிட்ட மெசேஜ் போட்டுட்டேன்பா. அப்டேட்னு சொன்னேன். சிரிக்கிறாங்க. வெயிட் பண்றாங்களாம். ஃபோன்லயே கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்."

"சும்மா காத்துக்கிட்டு இருப்பாங்க லா, அப்பா."

"இருக்கட்டும். குடும்பம் பேசுற பேச்சைக் கைக்குள்ள வைச்சுக் கதைக்க ஏலாது."

பிள்ளைகள் எஸ்டேட் பள்ளித் தோழர்களின் தமிழையே பேசிப் பழகிவிட்டார்கள். திருத்தித் திருத்தி நானும் விட்டுவிட்டேன். அனுஷியா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு நேரம் வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்திருக்கும்.

என் மகன் சஞ்சீவ் சிங்கப்பூரில் இல்லை. நாங்கள் இருந்த கூடத்துக்கும் அவனுக்கும் இடையில் ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது. அவனும் செண்டாயானில்தான் வேலை பார்த்தான், கணினிப் பிரிவில். ஒருநாள் வேலைக்குப் போகவில்லை. பிறகும் போகவில்லை. தன்னைப் பற்றி யாரோ பேசிக்கொண்டே இருப்பதாகச் சொன்னான். மாதம் ஒருமுறை சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஊசி போட்டு வருகிறோம்; விடியும் முன்பே கார் கிளம்பிவிடும். மற்றபடி அவன் பின்னறையில் இருக்கிறான். கோயிலில் யாரோ கேட்டபோது சிங்கப்பூர் என்றேன். அதற்குப் பிறகு அது எங்கள் விலாசத்தைப் போல ஆகிவிட்டது. அதை நினைத்து எனக்குத் துக்கமோ வெட்கமோ வந்ததில்லை. எதுவும் வருவதில்லை.

இருபத்தொரு சதவீதம். வெளியே எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி கொஞ்சநேரம் அதிர்ந்து அடங்கியது.

"கொம்பனிப் பேர் ஏதாவது சொல்லிப்போடுவம்" என்றேன்.

"சசிதரன் போய்ப் பார்ப்பாரே" என்றாள் அன்னபூரணம். "பார்த்தா ஆள் இல்லையெண்டு தெரியுமே."

"அப்ப நீ என்ன சொல்றாய்?"

அவள் தட்டை மேசையில் வைத்து, அதிலிருந்த முறுக்குகளை இன்னும் நெருக்கமாக அடுக்கினாள்.

அனுஷியாதான் வழி சொன்னாள். பால் வாங்கி வரச் சொல்வதைப் போன்ற குரலில் சொன்னாள்.

"ஆயில் ரிக்னு சொல்லுங்கப்பா. சிங்கப்பூர் கம்பெனிதான், ஆனா ஆள் கடல்ல. நடுக்கடல்ல யார் போய்ப் பாக்கப் போறா? கல்யாணத்துக்கும் லீவு கிடைக்கலன்னு சொல்லிக்கலாம்லா."

"கல்யாணத்துக்குமோ?" என்றாள் அன்னபூரணம்.

"வேற என்னம்மா செய்றது?"

நல்ல யோசனை. நான் தலையசைத்தேன். மகளின் திறமையில் எனக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது. மூன்று பேரும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு கடலில் உள்ள ஒருவனுக்கு வேலையும் விடுமுறையும் முடிவுசெய்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

நூறு சதவீதம் ஆனதும் கணினி அணைந்து மறுபடியும் எழுந்தது. மலைப் படம் ஒன்று வந்தது. அதன் மேல் ரகசிய எண்ணைக் கேட்டது. நான் அந்தக் கணினியை அணைத்ததே இல்லை. எப்போதும் திறந்தே கிடக்கும். எண் எனக்குத் தெரியாது. அனுஷியா என் பிறந்த ஆண்டைப் போட்டாள், தன் பிறந்த ஆண்டைப் போட்டாள். தவறு, தவறு என்றது.

"அவனுக்குத்தான் தெரியும்" என்றாள் அனுஷியா.

அன்னபூரணம் என் முகத்தைப் பார்க்காமலே பின்னறைக் கதவைத் தட்டினாள். "தம்பி. ஒருக்கா வா ராசா."

அவன் சாரமும் பழைய பனியனுமாக வந்தான். பல நாள் தாடி. மருந்தினால் விரல்கள் நடுங்கும். தங்கையின் சேலையைப் பார்த்து, "அழகா இருக்கு" என்றான். அவள் "ம்" என்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்; அவன் உட்கார்ந்தான். எண்ணை அடித்ததும் திறந்துகொண்டது. உடனே எழாமல் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கவனமாகப் படித்தான்.

"ஏன் இப்ப வந்தது? நான் நிறுத்தித்தானே வைச்சனான்?" என்றேன். அவனிடம் நான் நேராகக் கேள்வி கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஒரு அளவுக்கு மேல நிறுத்த முடியாதுப்பா. அப்புறம் அது கேக்காது. போட்டே ஆகணும்."

"அதுக்காக ஆள் பேசிக்கொண்டு இருக்கேக்கையோ?"

"ஆள் இல்லாத நேரமாப் பாத்துத்தான் போடும். யாரு எப்ப உட்காருறாங்கன்னு அதுவே பாத்து வச்சுக்கும்." திரையில் ஓரிடத்தைத் தொட்டான். பயன்பாட்டு நேரம் என்ற தலைப்பின் கீழ் மாலையிலிருந்து விடியும் வரை என்று காட்டியது. "நைட்ல நான்தான் உட்காருவேன், நீங்க தூங்கினதும். அதான் அது இந்த வீட்டுல பகல்ல யாரும் இல்லன்னு நெனச்சுக்கிச்சு."

"உனக்கு முன்னமே தெரியுமோ?"

"சொன்னேனேப்பா. இன்னிக்குப் போட்டுடும்னு காலையில கதவுக்கிட்ட நின்னு சொன்னேன். நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க."

சொல்லியிருப்பான். அந்தக் கதவிலிருந்து வரும் குரல் எனக்கு மின்விசிறிச் சத்தத்தைப் போல.

அவன் அந்த நேரத்தை மாற்றினான். காலையிலிருந்து மாலை வரை என்று போட்டு அழுத்தினான். அப்போது அழைப்பு வந்தது. ஜெயசங்கரின் பெயரும் படமும் திரையில் துள்ளின. அனுஷியா தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்; கை தானாகப் பொட்டைத் தொட்டுப் பார்த்தது. அன்னபூரணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சஞ்சீவ் மேசையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான். "நான் உள்ள போயிடறேன்பா" என்றான். குரலில் குத்தலோ கோபமோ இல்லை. "நான் கடல்லதானே இருக்கேன்."

என் கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. நான் அதை இழுத்து அவனுக்கு வழிவிட வேண்டும். இழுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவில் எழ இடமில்லாமல் அவன் திரும்ப உட்கார்ந்தான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பதற்கு முன்பே, அங்கிருந்து பார்த்தால் நாங்கள் எப்படித் தெரிவோம் என்பதைத் திரை எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அனுஷியாவின் சேலை. நடுவில் பனியனோடு சஞ்சீவ், கண்களைத் தாழ்த்தியபடி. அவனுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று, பொத்தான்கள் எல்லாம் போட்டு, நேராக நின்றது. அதற்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. முகம் தெரிய வேண்டுமென்றால் நான் குனிந்தாக வேண்டும்.