முதலெழுத்து போன இரண்டு மோதிரங்கள்

தையல்காரர் தன் மனைவிக்கு உதவி செய்ய நினைக்கும்போதெல்லாம் அந்த வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். அன்று காலை அவர் செய்த உதவி, அவளுடைய வேலை மேசையில் சிந்தியிருந்த டீயைத் துடைத்தது. சிந்தியதும் அவரேதான் என்பது வேறு விஷயம்.

ஒரே அறை. நடுவில் பீரோவை நிறுத்தி இரண்டாக்கியிருந்தார்கள். தெருப்பக்கம் அவருடைய தையல் மெஷின், ஜன்னல் பக்கம் அவளுடைய மேசை. தெருவே அவளை மோதிரக்காரி என்றுதான் சொல்லும். ஆனால் தங்கம், வெள்ளி எதையும் அவள் தொடுவதில்லை. மரத்தில் மோதிரம் செய்கிறவள். அதற்காக ஒரு மரத்தின் மேலும் கோடாலி விழக்கூடாது என்று பிடிவாதம் வேறு. காற்றில் முறிந்த கிளை, உடைந்த நாற்காலி, இடித்த வீட்டு ஜன்னல் என்று ஏற்கெனவே ஒரு ஆயுசு வாழ்ந்து முடித்த மரமாக இருக்க வேண்டும். கொண்டுவருகிறவர் எதிரே உட்கார்ந்து அதன் கதையைச் சொல்ல வேண்டும். கதை இல்லாமல் வந்தால், எவ்வளவு உசத்தியான மரமாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். "கதை இல்லேன்னா அது வெறும் கட்டைங்க" என்பாள்.

மரத்தைக் காகிதம் மாதிரி இழைத்துப் பட்டைகளாக்கி, கொதிநீரில் போட்டு இளக்கி, இரும்புக் கம்பியில் சுற்றிக் காயவைத்து, பிரித்துப் பசை தடவி மறுபடி இறுக்கிச் சுற்றி, உப்புத்தாளால் தேய்த்தால் மோதிரம். வெளிப்பக்கம் மட்டும் மெழுகு பூசுவாள். உள்பக்கம் வெறும் மரம்தான். மரமும் தோலும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் மெழுகுக்கு என்ன வேலை என்று கேட்பாள். பதினோரு வருஷமாக இழைத்த தூள் அவள் மூக்கை அடைத்துவிட்டது. பால் தீய்ந்தாலும் தெரியாது, பூ வைத்தாலும் தெரியாது. அந்த வீட்டுக்கு மூக்கு என்றால் அது தையல்காரருடையதுதான்.

ஒவ்வொரு மோதிரத்தோடும் ஒரு சீட்டு வைப்பாள். அதில் ஆள் பெயர் இருக்காது. எந்த மரம், என்ன விரல் அளவு, அவ்வளவுதான். ஆளைவிட மரம்தான் முக்கியம் என்று இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள். அந்தப் பெருமைதான் அன்று காலை அவளைக் கடித்தது.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவள் மேசையைப் பார்த்தாள். இரண்டு மோதிரங்கள், எதிரே இரண்டு சீட்டுகள். ஒன்றில் 'ட்டில் சட்டம் – 17'. இன்னொன்றிலும் 'ட்டில் சட்டம் – 17'.

"ஏங்க, இதுல 'தொ' எங்க போச்சு?"

"எந்த தொ?"

"'க' எங்க போச்சு?"

 தையல்காரர் கையிலிருந்த வெட்டுத்துணியில் நீல மை தீற்றியிருந்தது. தொவும் கவும் அதற்குள்தான் இருந்தன. கேட்டால் திரும்பி வரவா போகின்றன?

ஒன்று தொட்டில் சட்டம். மற்றது கட்டில் சட்டம். எது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. 

தொட்டில், பஸ் ஓட்டும் பெண்ணுடையது. அவள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை, இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. புருஷன் அந்த நாட்களில் வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் வீட்டிலிருந்த பழைய தேக்கில் ஒரு தொட்டில் செய்தான். இவள் தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, ஆளில்லாத அந்தத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். ஆட்டத்தை நிறுத்தினால் அங்கே குழந்தைக்கு மூச்சு நின்றுவிடும் என்று பயம். குழந்தை பிழைத்து வந்தது. இப்போது ஆறு வயது. பொம்மையைத் தூங்கவைக்கிறேன் என்று தானும் அதில் ஏறிக் குதித்து, தொட்டிலை உடைத்தே போட்டுவிட்டது.

கட்டில், ஓய்வுபெற்ற தபால்காரருடையது. அவர் மனைவி நாலு வருஷம் அதில் படுத்த படுக்கையாகக் கிடந்து, போன வருஷம் அதிலேயே போய்ச் சேர்ந்தாள்.

இரண்டும் தேக்கு. இரண்டும் பழுத்துக் கறுத்தவை. இரண்டு பேரும் கொண்டுவந்தது சாண் நீளத் துண்டு. ஸ்டியரிங் பிடித்துத் தடித்த அவள் விரலும், வயசாகி வற்றிய அவர் விரலும் அளவுக்கம்பியில் ஒரே கோட்டில் வந்து நின்றது இவள் போதாத காலம். மிச்ச மரமெல்லாம் தூளாகிக் குப்பையோடு போய்விட்டது. இரண்டு பேரும் இன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் வருகிறார்கள்.

"இரு, இரு" என்று தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். "'தொ'வுக்கு இடம் நிறைய வேணும். 'க'வுக்குக் கொஞ்சம் போதும். எதுல காலியிடம் ஜாஸ்தியோ அதுதான் தொட்டில்."

இந்த மனுஷனுக்குள் இவ்வளவு மூளையா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. அவர் அளந்தார். ஒன்றே கால் இன்ச். மற்றதை அளந்தார். ஒன்றே கால் இன்ச்.

"உன் எழுத்து ஒரு நாள் நடக்குது, ஒரு நாள் ஓடுது. நான் என்ன பண்றது?"

"துடைக்காம இருந்திருக்கலாம்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சரி, விடேன். ரெண்டும் தேக்கு, ரெண்டும் ஒரே அளவு. கைக்கு வந்ததை எடுத்துக் குடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"உனக்குத்தான் எது எதுன்னே தெரியாதே!"

"தெரியாதுங்கறது தெரியும்ல?"

 அவர் பீரோவுக்கு அந்தப் பக்கம் போய் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

அவள் இரண்டு மோதிரங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றை மட்டும் அடையாளம் தெரிந்தது. செய்யும்போது படுத்தி எடுத்த மோதிரம் அது. பசை பிடிக்கவே இல்லை. முதல் நாள் ஒட்டிய சுற்று மறுநாள் காலையில் அவிழ்ந்து கிடந்தது. தேக்கென்றாலே இப்படித்தான் என்று திட்டிக்கொண்டே ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டாம் தரம் ஒட்டினாள். அதனால் இணைப்பில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்திருந்தது. ஆனால் படுத்தியது தொட்டிலா கட்டிலா? நினைவைப் பிறாண்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பிழைத்த குழந்தையின் தாய் விரலில் சாவுக் கட்டிலை மாட்டிவிட்டு, பெண்டாட்டி நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனுஷனிடம் யார் வீட்டுத் தொட்டிலையோ கொடுத்தனுப்பினால், அப்புறம் இந்தத் தொழிலை விட்டுவிட்டு ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைக்கப் போய்விடலாம் என்று தோன்றியது. 

முதலில் பஸ்காரிதான் வந்தாள். காக்கிச் சட்டையோடு, ஷிப்டுக்கு நடுவில். வரும்போதே விரலை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"குடுக்கா, குடுக்கா! ராத்திரியெல்லாம் தூக்கமே வரல."

மோதிரக்காரி மென்று முழுங்காமல் நடந்ததைச் சொன்னாள். துடைத்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பீரோவுக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

பஸ்காரி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். "மத்தது யாரோட கட்டில்?"

"நோயா படுத்திருந்து போன ஒருத்தங்களோடது."

"அக்கா, நான் இதுக்கெல்லாம் பயப்படுற ஆள் இல்ல. ஆனா அது எம்பொண்ணு பொழைச்ச மரம்க்கா. வேற ஒண்ண மாட்டிக்கிட்டு அதுதான்னு நினைச்சுக்க என்னால முடியாது."

"முடியக்கூடாது. தப்பு என்னோடதுதான். பேரை எழுதியிருக்கணும்."

பஸ்காரி கத்தியிருந்தால்கூடத் தேவலை. எதிர் முக்காலியில் உட்கார்ந்து இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "தொட்டதும் தெரிஞ்சிடும்னு நினைச்சேன். தெரியல" என்றாள். எழுந்து போகவும் இல்லை. மோதிரக்காரிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

தபால்காரர் நாலு மணிக்கு என்றால் நாலு மணிக்கு வருகிற ஆள். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, வீட்டு எண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவரிடமும் அவள் அதே கதையைச் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. தபால்காரர் சீட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆச்சரியம், அவர் முகத்தில் கோபம் இல்லை.

"முப்பத்தஞ்சு வருஷம் கடுதாசி போட்டிருக்கேன்மா. மேல்விலாசம் அழிஞ்சது எத்தனை பாத்திருப்பேன்! மேல அழிஞ்சிருந்தா உள்ள பிரிச்சுப் பாப்பாங்க."

"பிரிச்சா மோதிரம் போயிடும் ஐயா."

"அப்ப பிரிக்க வேண்டாம், மோந்து பாப்போம். சில கடுதாசிய மோந்தே எந்த வீட்டுதுன்னு சொல்லிடுவேன். புகையிலை வீடு, மருந்து வீடு, மாவு வீடுன்னு." ஒரு மோதிரத்தை மூக்கருகே கொண்டுபோனார். மற்றதையும். உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டுலயும் மெழுகுதான் அடிக்குது. எங்க வீட்டுக் கட்டில்னா தைலம் அடிக்கணும்."

"தைலமா?"

"ஆமா. தினம் சாயங்காலம் அவ காலுக்குத் தைலம் தேய்ச்சு விடுவேன். தேய்ச்சிட்டு கைய அந்தச் சட்டத்துலதான் துடைப்பேன். பக்கத்துலயே துணி இருக்கும், ஆனாலும் கை அங்கதான் போகும். அவளுக்கு அது பிடிக்காது. பக்கவாதத்துல பாதி வாய்தான் வேலை செய்யும், அந்தப் பாதி வாயால என்னைத் திட்டுவா பாருங்க... நாலு வருஷமும் திட்டினா."

மோதிரக்காரி முக்காலி நகர எழுந்தாள். "எண்ணெய்! நாலு வருஷ எண்ணெய்! அதான் ஒட்டல! அதான் பசை பிடிக்கவே இல்ல!"

அங்கே இருந்த யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்கிக்கொண்டும் இருக்கவில்லை. மயிரிழைக் கோடு விழுந்த மோதிரத்தை எடுத்து, ஒரு கம்பளித் துணியை அதன் உள்ளே கொடுத்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்துத் தேய்த்தாள். மெழுகு படாத உள்பக்கம் சூடேறியது. தொட்டால் சுடுகிற பதம் வந்ததும் தபால்காரரிடம் நீட்டினாள். தன் மூக்கை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும். 

அவர் அதை இரண்டு விரலால் பிடித்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண் திறக்கவில்லை. பஸ்காரி அவர் வாயையே பார்த்தாள்.

"இன்னும் திட்டுறா" என்றார் தபால்காரர்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணீர் அது பாட்டுக்கு மீசையில் இறங்கியது.

 மோதிரக்காரி அப்படியே முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பீரோவுக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நேரம் ஒளிந்திருந்த தையல்காரர் ஓடிவந்து, தபால்காரர் கையைப் பிடித்து மோதிரத்தை முகர்ந்தார்.

"ஐயோ, இதேதான்! அன்னைக்கு நீ மரத்தைக் கொதிக்க வெச்சப்ப வீடு பூரா இந்த வாசனைதான். உன் மூக்கடைப்புக்கு நீ தைலம் போட்டுக்கிட்டேன்னு நினைச்சேன்."

"அதை இன்னைக்குக் காலையில சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எழுத்தைத்தானே கேட்ட? வாசனையக் கேக்கலையே!"

பஸ்காரிக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. மற்ற மோதிரத்தையும் அதேபோல் தேய்த்துச் சூடாக்கச் சொன்னாள். எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் முகர்ந்தார்கள். தைலம் இல்லை, எண்ணெய் இல்லை, வெறும் தேக்கு. அவள் அதைப் போட்டுக்கொண்டு, காற்றில் ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கையை மார்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுது, மூக்கைத் துடைத்து, மணியைப் பார்த்து, "ஐயய்யோ, வண்டிய எடுக்கணும்" என்று எழுந்தாள். போகிற போக்கில் மோதிரக்காரியின் தோளை ஒரு அழுத்து அழுத்தினாள். 

"நானும் கிளம்பறேன்" என்றார் தபால்காரர். "சீட்டை எழுதிக் குடுத்துடும்மா. விலாசம் சரியா இல்லாம நான் எதையும் கையில வாங்கறதில்ல."

அவள் பேனாவை எடுத்தாள். கசங்கிய சீட்டில் 'ட்டில்' என்பதற்கு முன்னால், அழிந்த இடத்தில் அழுத்தி ஒரு 'க' போட்டாள். கீழே அவர் பெயரையும், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, கேட்டு எழுதினாள். அவர் அதைப் படித்துப் பார்த்து, இரண்டாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மோதிரம் விரலில் இருந்தது. வாசல் தாண்டும்போது அந்த விரல் ஒரு தரம் மூக்குவரை போய் வந்தது.

பஸ்காரி அவசரத்தில் விட்டுப்போன சீட்டு மேசையிலேயே கிடந்தது. அதிலும் 'தொ'வைப் போட்டு முடித்துவிடலாம் என்று மோதிரக்காரி குனிந்தாள். பின்னால் தையல்காரர் புது டீயோடு வந்து நின்றார்.

"எங்க வைக்கட்டும்?"

"கையிலயே வெச்சுக்குங்க" என்றாள் அவள், நிமிராமல். "நான் எழுதி முடிக்கிற வரைக்கும்."

டம்ளர் சுட்டது. ஆனாலும் அவர் அசையாமல் நின்றார்.