புல்லுக்குள் ஒரு பெயர்

ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் இருந்த ஒவ்வொரு பொருளிலும் ஒரு பெயர் இருந்தது. பெஞ்சில், சுவர்க் கடிகாரத்தில், மின்விசிறியின் இறக்கைகளில். எல்லாம் கொடுத்தவர்களின் பெயர்கள். அதனால் பீடத்தின் பக்கச் சுவரில் தொங்கிய நல்ல மேய்ப்பர் ஓவியத்தின் மூலையில் 'நேசையா' என்று கண்டதும், அதையும் கொடுத்தவர் பெயராகவே ஊர் வாசித்தது. நேசையாவின் மகன் ஞானசிகாமணி வாத்தியார் அதை மறுத்ததில்லை. சபை முழுவதும் தரையில் அமர்ந்து ஒன்றாக உண்ணும் அசனப் பண்டிகையில், முதல் அகப்பைச் சோறு அவர் வீட்டு இலைக்குத்தான் விழும்.

நூற்றாண்டு விழாவுக்கு ஓவியத்தின் கீழே கல் பதிக்க முடிவானது. வரைந்தவர் யார் என்பதுதான் தெரியவில்லை. யாரோ வெள்ளைக்கார மிஷனரி என்று வாத்தியாரின் மகன் சுஜின் நம்பினான். பாளையங்கோட்டையில் தன்னோடு வங்கியில் வேலை பார்ப்பவர்களிடம் அப்படித்தான் சொல்லியுமிருந்தான். எங்காவது கையெழுத்து இருக்கும் என்று ஓவிய ஆசிரியை யூனிஸை பஸ்ஸில் கூட்டி வந்தான். வேண்டாம் என்று அப்பா சொன்னதை அவன் பொருட்படுத்தவில்லை.

யூனிஸ் மூலைகளைப் பஞ்சால் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பிறகு 'நேசையா' என்ற எழுத்தின்மேல் விரலை வைத்தாள். பின்னால் அப்பாவும் சபைக் குருவும் நின்றார்கள்.

"வேற கையெழுத்தே கெடையாது தம்பி. இதுதான்."

"அது உபயம் டீச்சர். எங்க தாத்தா பேரு."

"உபயம் குடுத்தவுக இத்தனை பொடிசா, புல்லுக்குள்ள ஒளிச்சு எழுத விடுவாகளா? அந்தா, ஃபேனைப் பாருங்க. கரண்ட் போச்சுன்னா பேரு கண்ணைக் குத்துது."

குரு சிரித்துவிட்டார்.

"பச்சை காயுததுக்கு முந்தியே, அதே பிரஷ்ஷால எழுதியிருக்காக. எழுத்துக்குள்ள புல்லு கலந்து கெடக்கு. வரைஞ்சது உங்க தாத்தாதான்." மேய்ப்பரின் பாதத்தைக் காட்டினாள். "பெருவிரல் பக்கத்து விரல்மேல ஏறி நிக்கி பாருங்க. பார்த்து வரைய வேற ஆள் கெடைச்சிருக்காது. சொந்தக் கால்தான்."

சுஜின் தன் கால்களைப் பார்க்கவில்லை. செருப்பை வாசலில் விட்டு வந்திருந்த அப்பாவின் கால்களைப் பார்த்தான். அங்கேயும் பெருவிரல் ஏறி நின்றது.

அப்பா அவன் முழங்கையைப் பற்றி வெளியே கூட்டிப்போனார்.

"உங்க தாத்தா வண்டிக்கும் கடைக்கும் பேரெழுதித் திரிஞ்சாக. அது இல்லாத மாசம் வெள்ளையடிப்பாக. இந்தப் படமும் கூலிக்கு வரைஞ்சதுதான். பள்ளிக்கூடத்துல எனக்கு வெள்ளையடிக்கவன் மவன்னுதான் பேரு. தெரிஞ்சவுக ஒவ்வொருத்தரா போய்ச் சேந்த பொறவு ஊரா உபயம்னு நெனச்சுது. நான் வாயத் தொறக்கலை." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த வயசுல என்னைய கீழ எறக்கி விட்டுறாதலே."

சுஜின் அப்பாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தான். வயல்களுக்கு அப்பால் தாமிரபரணி சத்தமில்லாமல் கிடந்தது. அப்பாவுக்காகத்தான் உண்மையைச் சொல்லத் தயங்குகிறோம் என்று நினைத்துக்கொள்ள முயன்றான். முடியவில்லை. 'வெள்ளையடிப்பாக' என்ற சொல் காதில் விழுந்த கணத்திலேயே, இது யாருக்கும் தெரியக்கூடாது என்று அவன் முடிவு செய்துவிட்டிருந்தான். அப்பா கெஞ்சியது அதற்குப் பிறகுதான்.

உள்ளே வந்ததும் குரு கேட்டார். "அப்போ கல்லுல என்ன போட, சுஜின்?"

"டீச்சர் சொல்லுதது ஒரு யூகம்தான ஐயா. உபயம் நேசையா. வரைந்தவர் பெயர் தெரியவில்லை. அப்படியே போட்டுருங்க."

யூனிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் பாதங்களைப் பார்த்தாள். "யூகம்தான்," என்று பூதக்கண்ணாடியைத் துணியில் சுற்றினாள். பஸ்ஸுக்குத் தனியாகவே நடந்தாள்.

அசனத்தன்று காலையில் கல்லைத் திறந்து வைத்தார்கள். அப்பாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். மதியம் பந்தலில் நீளமாகப் பாய் விரித்து இலை போட்டார்கள். முதல் வரிசை, முதல் இரண்டு இலைகள் அப்பாவுக்கும் சுஜினுக்கும்.

"வள்ளல் வீட்டு எலைலா, அமுக்கிப் போடும்வே!" என்று யாரோ கத்த, பந்தியே சிரித்தது. ஆவி பறக்கும் சோறு சுஜினின் இலையில் குவிந்தது. கோயிலின் திறந்திருந்த பக்கக் கதவு வழியாக மேய்ப்பரின் பாதி உருவம் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே.

சம்மணமிட்ட தன் காலின் பெருவிரல் வேட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தான். வேட்டியை இழுத்து மூடினான். ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தான். அப்பா தன் கால்களைச் சால்வையால் ஏற்கெனவே மூடியிருந்தார்.