கோட்டையில் ஓர் அறை

பெற்றோரின் திருமண நாளுக்கு அவர்களை ராஜஸ்தான் அனுப்புவதென்று அஞ்சலா முடிவெடுத்திருந்தாள். புலம்பெயர்ந்து வந்த மெரிலேண்ட்ஸ் வீட்டுக் குசினியில் நின்றபடியே போனில் படங்களைக் காட்டினாள். ராஜபுத்திரர் கோட்டைகள், சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய வணிகர் மாளிகைகள்.

"இந்தக் கோட்டை இப்ப ஹோட்டல், அப்பா. உச்சியிலயே உங்களுக்கு ரூம்."

தாய் ஞானமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டறியாத கோட்டை! யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து இராணுவம் அடித்த ஷெல் விழுந்துதான் கணவர் ஸ்ரான்லியின் தங்கை செத்தாள். சந்தைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஆனால் மகளை ஏசவும் வழியில்லை. அந்தக் கதையை ஸ்ரான்லி பிள்ளைகளிடம் வாய் திறந்ததே இல்லை.

"கோட்டை வேண்டாம் பிள்ளை. அந்த மாளிகையில ரூமைப் போடு," என்றாள்.

ஸ்ரான்லி போனை வாங்கினார். கோட்டை மதிலை விரலால் பெரிதாக்கி, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, கோட்டையிலயே போடு."

"உங்களுக்கென்ன விசரே?" என்று சீறினாள் ஞானமலர்.

"ஒருக்கா மேல ஏறி நிண்டு பார்க்கவேணும், மலர்," என்றார் அவர். "அங்கயிருந்து பார்த்தால், கீழ சந்தைக்குப் போற பெட்டை ஒரு பெட்டையாத் தெரிவாளோ எண்டு."