ஏரோப்ளேனுக்கு வாட்டர் சர்வீஸ்

என் வீட்டுக்காரர் ராசாங்கத்துக்குத் தெரியாத வண்டி இந்த உலகத்தில் கிடையாது. நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். டிப்பர் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்கு முதலாளியானவர். அப்பேர்ப்பட்டவர் போன வருடம் ஒரு ஏரோப்ளேன் வாங்கினார். இரண்டு பேர் உட்காரும் பழைய வண்டி. பெரம்பலூரில் கையில் காசு சேர்ந்தால் மற்றவர்கள் கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். மண்டபத்தில் நஷ்டம் வரலாம், ஆனால் வானத்திலிருந்து விழ முடியாது.

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டி, ஓடுபாதை தயாரானது. ஓட்டுவதற்கு வெளியூர் போய்ப் பழகி வந்தார். பராமரிப்புக்கு மட்டும் அவருக்கு வாத்தியார் தேவைப்படவில்லை. "லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மேலே கொண்டுபோகாதீர்கள்" என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"இன்ஜினியர் வந்து என்ன பண்ணப் போறான்? நட்ட முறுக்குவான், ஆயில ஊத்துவான். அத நான் பண்ண மாட்டனா?" என்றார் இவர்.

பண்ணினார். டிரெய்லரில் தனியாக வந்து இறங்கிய இறக்கைகளை அவரே பூட்டினார். லாரி ஷெட்டிலிருந்து கிரீஸ் கன் வந்தது. அசையும் இடம், அசையாத இடம் என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் கிரீஸ் வைத்தார். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். அந்த அளவோடு நிறுத்துவது தன் கைபலத்துக்கு அவமானம் என்று நினைத்தாரோ என்னவோ, தொங்கித் தொங்கி இறுக்கினார். பிறகு குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி வாட்டர் சர்வீஸ். கல் லாரிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை.

அது தரையில் நின்றவரைக்கும் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆயுத பூஜைக்குக் காலேஜ் லீவில் வந்த எங்கள் மகள் முத்தமிழிடம், "பூஜ முடிஞ்சதும் மொத ரவுண்டு ஒன்னத்தான் ஏத்திட்டுப் போறேன் பாப்பா" என்றார். அவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அதோடு என் சிரிப்பு நின்றது. எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

"ஏங்க, இன்ஜினியர் ஒருதரம் பாத்துட்டுப் போவட்டும். அப்புறம் அவள ஏத்துங்க."

"ஏன், எம்மேல நம்பிக்க இல்லியா மேகலா?"

இருக்கிறது என்றால் பொய். இல்லை என்றால் நல்ல நாள் அதுவுமாகச் சண்டை. எலுமிச்சம்பழம் வாங்கப் பையை எடுத்துக்கொண்டேன்.

பூஜையன்று திருமானூரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். லாரி டிரைவர்களும் குடும்பத்தோடு ஆஜர். மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எங்கெல்லாம் கை வைத்து வேலை பார்த்தாரோ அங்கெல்லாம் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். வண்டி முழுக்க அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. எல்லோரும் பொரிகடலை தின்று முடிப்பதற்குள் வெயிலில் சந்தனம் காய்ந்துவிட்டது.

முத்தமிழ் ஏறப் போனபோது நான் குறுக்கே போய் நின்றேன். "மொத ரவுண்டு நான் வரேன்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க, எம்பொண்டாட்டிக்கு எவ்ளோ ஆசன்னு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். ஆசைதான். என் மகள் ஏறக் கூடாது என்கிற ஆசை.

இன்ஜின் கத்திக்கொண்டு கிளம்பியது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் பின்னால் பறந்தது. எனக்கு எதிரே இருந்த வட்டங்களில் ஒன்று வேகம் காட்டுவது என்று மட்டும் எனக்குத் தெரியும். அதன் முள் பூஜ்யத்தில் அசையாமல் கிடந்தது.

"ஏங்க, ஸ்பீடு முள்ளு ஏறவே இல்ல."

"மீட்டர் ஓடலன்னா வண்டி ஓடாதா? பேசாம ஒக்காரு."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மீட்டர் ஓடிய லாரியை அவர் வாழ்நாளில் ஓட்டியதில்லை. முன்சக்கரம் லேசாகத் தரையை விட்டது. நான் ஸ்கூட்டியை நிறுத்துவதுபோலச் சாவியைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். இன்ஜின் அடங்கியது. முன்சக்கரம் தொப்பென்று இறங்கியது. அவர் பிரேக்கை மிதிக்க மிதிக்க, வண்டி கிராவலை விட்டு விலகி மக்காச்சோளத்துக்குள் புகுந்து நின்றது.

"மானத்த வாங்கிட்டியேடி. இத்தன பேருக்கு முன்னால." குதித்து இறங்கினார். "வெறும் மீட்டரு. அதுல என்னா கோளாறுன்னு இப்பக் காட்டுறேன் பாரு."

இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் நீட்டிக்கொண்டிருந்த குழாயிடம் போய்க் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. குழாயின் வாயை அடைத்துச் சந்தனம், நடுவில் வட்டமாகக் குங்குமம். எதிர்க்காற்று அதற்குள் போனால்தான் முள் ஏறும். மேலே போன பிறகு முள் செத்துக்கிடந்தால், வேகம் குறைந்து வண்டி விழப் போவது ஓட்டுகிறவனுக்கே தெரியாது. பயிற்சிக்குப் போய் வந்த புதிதில் இதை எனக்கு விளக்கியவரே அவர்தான், இட்லி சாப்பிட்டுக்கொண்டே.

ஒரு குச்சியை ஒடித்து நோண்டினார். சந்தனம் கட்டி கட்டியாக உள்ளங்கையில் விழுந்தது. பயிரை மிதித்துக்கொண்டு எல்லோரும் ஓடிவந்தார்கள், முத்தமிழ்தான் முதலில்.

"அதான் க்ளீன் பண்ணிட்டீங்களேப்பா. இப்ப நான் ஏறட்டா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"வேணாம் பாப்பா."

இனி யாரும் அதைக் கிளப்ப முடியாதபடி, இன்ஜின் மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த ஏரோப்ளேனுக்கு அவர் உருப்படியாகச் செய்த முதல் பராமரிப்பு வேலை அதுதான். ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கியது.

அவரைத் திட்டுவதற்கு ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைத்திருந்தேன். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஆளே தூக்கிவிடக்கூடிய பேட்டரிதான். இன்னொரு பக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன்.