ஓரத்தில் ஓர் இழுப்பு

நட் என் விரலோடு வந்துவிட்டது. ஸ்பேனரே தேவைப்படவில்லை. பின்னாலேயே கறுப்பாக ஏதோ வழிந்து, மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை இறங்கியது. ஒரு வாரமாகத் தண்ணீர் மாற்றாத பூச்சாடியை முகத்துக்கு நேரே கவிழ்த்தது போல நாற்றம். அந்தப் பாய்மரப் படகின் படுக்கை அறையில், கூரைப் பலகையைக் கழற்றிவிட்டு, மெத்தைமேல் மல்லாந்து படுத்திருந்தேன். மெத்தை முழுக்கப் பூசணம். இதில்தான் இரண்டு பேர் தினமும் தூங்குகிறார்கள்.

படகு எங்கள் பட்டறையில் கட்டியது. மூன்று வருடம்கூட ஆகவில்லை. வாங்கியவர் ஓய்வு பெற்ற நர்ஸ். வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடியிருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்கு இடது காலும் கையும் சரியாக வராது. மேல்தளத்தில் நடக்கும்போது ஓரமாக நிற்கும் எஃகுத் தூண்களைப் பிடித்துப் பிடித்துத்தான் போவார். அப்படிப் பன்னிரண்டு தூண்கள். அதில் ஒன்றின் நட்தான் இப்போது என் கையில்.

"தலைமாட்டுல சொட்டுது, அவ்வளவுதான்" என்று சொல்லித்தான் நர்ஸம்மா படகைக் கொண்டு வந்திருந்தார். சொட்டை மட்டும் நிறுத்தினால் போதுமாம்.

படகின் மேல்தளம் ஒரே தகடு இல்லை. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் எடையே இல்லாத மரம். அந்த மரம் தண்ணீரைக் குடித்தால் டீயில் முக்கிய பிஸ்கட்தான். அதனால் போல்ட் இறங்கும் இடத்தில் பெரிதாகத் துளைத்து, சுற்றியுள்ள மரத்தைச் சுரண்டி எடுத்து, எபாக்சி என்ற கெட்டிப் பிசினால் அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் மறுபடி துளைக்க வேண்டும். பிறகு தூணின் அடித்தட்டுக்குக் கீழே பசை வைத்து இறுக்க வேண்டும். மறுநாள்வரை காத்திருக்கும் வேலை.

எங்கள் பட்டறையில் தூணுக்கு இருபது நிமிடம். நேராக ஒரு துளை, போல்ட், பிறகு அடித்தட்டைச் சுற்றி வெளியே சிலிக்கான் ட்யூபால் ஒரு கோடு. விரலை நாக்கில் நனைத்து அந்தக் கோட்டின்மேல் ஒரு தடவல். பளபளவென்று இருக்கும். இதற்கு இங்கே ‘ஓரத்தில் ஓர் இழுப்பு’ என்று பெயர். நக்கித் தடவுவதில் என் சித்தப்பாவை மிஞ்ச ஆளில்லை. அவர்தான் மேல்தள வேலைக்கு மேஸ்திரி. என்னை இந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

மேலே திறப்பு வழியாக அவர் தலை தெரிந்தது.

"என்னடி ஆச்சு?"

"உள்ள மரமே இல்ல சித்தப்பா. கூழா இருக்கு."

"கத்தாத. அந்தம்மா கீழ ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கு. தொடச்சிட்டு நட்டை மாட்டு. மேல நான் ஒரு இழுப்பு இழுத்துடறேன்."

"நீங்க போன தடவை இழுத்த இழுப்புதான் இப்ப என் கையில வழியுது."

"படிச்ச வாய் பேசுது பாரு. காலேஜ் போகாத கைதான்டி இந்தப் பட்டறையில பாதிப் படகைக் கட்டுச்சு."

"அதான் எல்லாம் திரும்பி வருது."

தலை மறைந்தது. மேலே அவர் செருப்பு கோபமாக நடந்து போனது.

நான் கை கழுவினேன். மூன்று முறை சோப்புப் போட்டும் நகத்துக்குள் இருந்த கறுப்பு போகவில்லை. அப்படியே ஆபீசுக்குப் போய்ப் பழைய கோப்பை எடுத்தேன். எந்த மடையன் இந்தப் படகைப் பாஸ் பண்ணினான் என்று பெயரோடு முதலாளி மேஜையில் போட வேண்டும் என்ற வெறி.

தரச் சோதனைத் தாள் கிடைத்தது. பன்னிரண்டு தூண்களுக்கும் ஒரே மூச்சில் போட்ட பன்னிரண்டு டிக். அடியில் என் கையெழுத்து. பெயருக்குப் பின்னால் பட்டம் வேறு.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். "எல்லாம் முடிஞ்சுதும்மா, போடு" என்று சித்தப்பா சொன்னார். நான் படகில் ஏறக்கூட இல்லை; புதுச் சட்டை அழுக்காகிவிடும் என்று ஏணிக்குக் கீழேயே நின்று போட்டேன். எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்த எழுத்துக்கு இடம் போதுமா என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை. தூண்கள் நிற்கின்றனவா என்பது இல்லை.

இந்த முறை கையைக் கழுவிப் பிரயோஜனம் இல்லை.

முதலாளியிடம் போய் மரம் அழுகியதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "அடில ஒரு பக்கெட் பசை போட்டு மூடு. சொட்டு நின்னா சரி. புதுத் தாள்ல டிக் போட்டு, சாயந்தரம் அனுப்பிடு."

"அந்தப் பெரியவர் தூணைப் பிடிச்சுதான் சார் நடக்கறார். தூணோட சேர்ந்து கடல்ல போவாரு."

"பழசை நான் கிளறட்டுமா? கையெழுத்து யாருதுன்னு பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன? உனக்கும் நல்லது, உன் சித்தப்பாவுக்கும் நல்லது."

எவ்வளவு அன்பு! என் அழுக்கை எனக்கே போர்வையாகப் போர்த்திவிடுகிறார்.

பழைய தாளையும் டிக் போடாத புதுத் தாளையும் எடுத்துக்கொண்டு நேராக நர்ஸம்மாவிடம் போனேன். சித்தப்பா ஏணியில் பாதியில் நின்று, "ஏய், ஏய்" என்றார். அதற்குள் நான் பேச ஆரம்பித்திருந்தேன்.

"சொட்டு மட்டும் இல்லம்மா. தூணுக்குக் கீழ மரம் அழுகிடுச்சு. நாங்க செய்யற விதத்துக்குப் பன்னெண்டும் அப்படித்தான் இருக்கும். உங்க வீட்டுக்காரர் இனிமே அதைப் பிடிக்கக் கூடாது."

அவர் பழைய தாளை வாங்கி, எட்டத்தில் பிடித்துப் படித்தார். "இது யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"பாத்துட்டா போட்ட?"

"இல்ல."

அழுதால் அவர் கோபம் கொஞ்சம் குறையும் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அழவில்லை.

"நாப்பது வருஷம் வார்டுல சார்ட் எழுதியிருக்கேன்" என்றார். "பாக்காம ஒரு வரி எழுதினவளை நான் நர்ஸ்னே கூப்பிட்டதில்ல. நீ என்னமோ படிச்சிருக்கன்னு வேற போட்டிருக்க."

பட்டறையே அரைக்கும் சத்தத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. முதலாளி ஆபீஸ் கதவருகே வந்து, "அம்மா, உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

"பேச ஒண்ணுமில்ல. பன்னெண்டையும் கழட்டணும், என் கண்ணு முன்னாடி. போட்ட கைங்க யாரோ அவங்களேதான் கழட்டணும். இவளும், அந்த ஏணில நிக்கற மேஸ்திரியும். இல்லன்னா படகு இங்கயேதான் நிக்கும். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நான் கதை சொல்லுவேன்."

முதலாளி சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சொந்தம் எதுவும் மிச்சமில்லை.

தூணைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் போல்ட்டின் தலை சுழலாமல் ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொள்ள, கீழே ஒருவர் நட்டைத் திருப்ப வேண்டும். சித்தப்பா உள்ளே இறங்கி, அந்தப் பூசண மெத்தையில் மல்லாந்து படுத்தார். நான் மேலே மண்டியிட்டேன். நர்ஸம்மா ஸ்டூலை மேல்தளத்துக்கே ஏற்றச் சொல்லி, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். என் கையையே பார்த்தார்.

"பிடிச்சியா?" கீழிருந்து குரல்.

"பிடிச்சிருக்கேன்."

"குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்ட. உங்கப்பன்கிட்ட நான் என்னடி சொல்லுவேன்?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"உன் கல்யாணத்துக்கு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"சரி சித்தப்பா. நட்டைத் திருப்புங்க."

திருப்பினார்.