யார் வீட்டுச் சாமந்தி

மொட்டை மாடியில் தொட்டி இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும்தான் இருந்தது. தையல்காரி பூவாளியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற தொட்டிகள் எல்லாம் அப்படியே இருந்தன. பெரிய மஞ்சள் சாமந்தியை மட்டும் காணோம். இன்றைக்குப் பார்த்துக் காணோம்.

திருடன் கொண்டுபோயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. இது திருடன் வேலை இல்லை என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. திடுதிடுவென்று கீழே இறங்கினாள். புருஷன் கண்ணாடி முன்னால் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

"மேல இருந்த சாமந்தி எங்க?"

"விடியக்காலையில அக்கா வீட்டுல இறக்கிட்டேன்." கண்ணாடியைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. "அது வச்சிருந்த ரோஜாவுல பூச்சி விழுந்துடுச்சாம். இன்னிக்குப் பூக் கண்காட்சிக்கு வைக்க ஒண்ணுமே இல்லன்னு போன்ல ஒரே அழுகை."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ தூங்கிட்டு இருந்த. எழுப்ப மனசு வரல."

"ஆமா, ரொம்ப இளகின மனசு. தங்கத்துல செஞ்சு வச்சிருக்கு."

"இப்ப என்ன ஆச்சு? இன்னும் இத்தனை தொட்டி இருக்குல்ல, அதுல ஒண்ணத் தூக்கிட்டு வா. யாரு வச்சா என்ன, நம்ம குடும்பத்துச் செடிதான."

குடும்பத்துச் செடி. போன வருஷம் வெள்ளைச் சாமந்தியும் இப்படித்தான் குடும்பத்துச் செடியாகி, நாத்தனார் பெயரில் மேசை ஏறி, கோப்பையோடு நாத்தனார் வீட்டு ஷோகேசில் போய் உட்கார்ந்தது. அதற்கு முந்தின வருஷமும் அதே கதை. அப்போதெல்லாம் தையல்காரி கண்காட்சி நடத்துகிற தோட்டக் கிளப்பில் உறுப்பினர் இல்லை. வாயை மூடிக்கொண்டாள். இந்த வருஷம்தான் தானே போய்ச் சேர்ந்தாள். ஒரு அட்டையில், ஒரே ஒரு அட்டையில், தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை.

அந்தச் செடியை அவள் தீக்குச்சி அளவு துண்டாக நட்டாள். துளிர் விடவிட நுனியைக் கிள்ளினாள். ஒன்றைக் கிள்ளினால் இரண்டாகக் கிளைக்கும். அந்த இரண்டையும் கிள்ளினாள். மெஷினைவிட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் மாடிக்கு ஓடினாள். கிளைக்கு ஒரு குச்சி ஊன்றி, வெட்டிப்போட்ட துணி ஓரங்களால் நெருக்காமல் கட்டினாள். இப்போது இலையே தெரியாமல் கவிழ்த்த கூடைபோல் பூத்திருக்கிறது. கைக்குழந்தையைக்கூட யாரும் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவள் வேறு தொட்டி எதையும் தூக்கவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

மண்டபத்தில் நீள நீளமாக மேசைகள். நடுவர்கள் வருவதற்கு முன்பு கடைசி நேர வேலை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் பிரஷ்ஷால் இலையில் இருந்த தூசியைத் தட்டினார். ஒரு அம்மா ஈரத்துணியால் தொட்டியின் விளிம்பைத் துடைத்தாள். நடு மேசையில் மஞ்சள் சாமந்தி இருந்தது. தையல்காரி நேரே அதன் முன்னால் போய் நின்றாள்.

செடிக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. இது சுவர் ஓரம் வளர்ந்தது. சுவர்ப் பக்கம் வெயில் படாமல் பூ குறைந்து, குச்சியும் கட்டும் வெளியே தெரியும். நாத்தனார் அந்த முதுகைத்தான் வருகிறவர்களுக்குக் காட்டி வைத்திருந்தாள்.

திருப்பாமல் விட்டிருந்தால் பரிசு போயிருக்கும். நாத்தனாருக்கு நன்றாக வேண்டும் என்று சிரித்திருக்கலாம். ஆனால் மனசு சொல்வதற்கு முன்னால் கை போய்விட்டது. இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்து மெல்லத் திருப்பி வைத்தாள். மேசையே மஞ்சளாகிவிட்டது.

"வந்துட்டியா, வா வா," என்றாள் நாத்தனார். பக்கத்தில் கிளப் செயலாளர் நின்றிருந்தார். ஊருக்கெல்லாம் பல் பிடுங்குகிற டாக்டர். அவரிடம் திரும்பி, "என் தம்பி சம்சாரம் டாக்டர். நான் சொல்லச் சொல்ல இவதான் தண்ணி ஊத்துவா. நல்ல பொண்ணு, சொன்னதச் செய்வா," என்றாள்.

தையல்காரி தொட்டி முன்னால் இருந்த பெயர் அட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"அண்ணி, அட்டைய மாத்துங்க. இது நான் வளத்தது. என் பேரு போடணும்."

"மெல்லப் பேசு. நாலு பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும். மாத்துங்க."

டாக்டர் தர்மசங்கடத்தோடு கண்ணாடியைத் துடைத்தார். "பேர் கொடுத்தவங்க சரின்னு சொன்னாதாம்மா மாத்த முடியும். மணி அடிக்கிற வரைக்கும் நேரம் இருக்கு."

"குடும்ப விஷயம் டாக்டர், நாங்க வீட்டுல பேசிக்கிறோம்," என்று நாத்தனார் சிரித்தாள். புருஷனும் வந்துவிட்டான். "மானத்த வாங்காத. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுலதான் இத்தனை வருஷமா பேசிட்டு இருக்கேன். சுவருக்குக்கூட கேட்டிருக்கும்."

பழுத்த இலையைக் கத்தரிப்பதற்காக மேசை ஓரத்தில் கிளப் கத்தரிக்கோல் ஒன்று வைத்திருந்தார்கள். தையல்காரி அதை எடுத்தாள். ஒரு கையால் கிளைகளைச் சேர்த்துப் பிடித்து, அடியில் வெட்டினாள். அடுத்த கொத்து. அடுத்தது. நாத்தனார் ஐயோ ஐயோ என்று வாயில் கை வைத்தாள்.

டாக்டர் பதறவில்லை. பூத்து முடிந்தால் சாமந்தியைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் வேரிலிருந்து புதுக் குருத்து வரும் என்று அவருக்கும் தெரியும். அவள் கொஞ்சம் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

"டாக்டர், வெட்டுப்பூ மேசை எங்க இருக்கு?"

"அதோ, ஜன்னல் பக்கம். மூணு பூ, ஒரே அளவுல இருக்கணும்."

குவியலிலிருந்து மூன்றைத் தேர்ந்தாள். கண்ணாலேயே அளந்தாள், துணி அளக்கிற கண். கிளப் கொடுத்த பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சொருகினாள். டாக்டர் புது அட்டையை எடுத்தார். அவள் பெயரைச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேரும் சேர்த்துப் போடவாம்மா?"

"வேணாம். அவர் ஒண்ணும் பூக்கல."

மணி அடித்தது.

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. வெட்டுப்பூவை முந்தின நாளே அறுத்து, கழுத்தளவு தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஊறாத பூவுக்கு மண்டபத்துப் புழுக்கம் ஆகாது. நடுவர்கள் வருவதற்குள் ஒன்று கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது. அவர்கள் நின்றார்கள், அட்டையைப் படித்தார்கள், போனார்கள். அவர்கள் படித்ததை அவள் பார்த்தாள்.

சாயங்காலம் வேனில் அவள் முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் போய், மொட்டையான தொட்டியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா இனிமே நம்ம வாசப்படி மிதிக்காது. இப்ப திருப்தியா உனக்கு?" என்றான் புருஷன்.

"உங்க கணக்கு இன்னும் பாக்கி இருக்கு," என்றாள். "பள்ளம் பாத்து ஓட்டுங்க. வேர் ஆடுது."