கரையாத தகடு

கமலவேணிக்கு இருந்தது ஒரு கண். மற்றதைச் சிறுவயதிலேயே அம்மை எடுத்துக்கொண்டது. மலாயா சுதந்திரம் பெற மூன்று மாதம் இருக்கையில் அந்த ஒற்றைக் கருவிழியிலும் புண் வந்தது. மலாக்காவில், ஜாலான் பெண்டஹாரா தெருவில் இருந்த ஏகாம்பரத்தின் துணிக்கடையில் அவள் தையல்காரி.

"நாளுக்கு மூணு தடவ சொட்டு மருந்துக்குப் போவணுமா? அப்ப யாரு தைக்கிறது, உன் இன்னொரு கண்ணா?" என்றார் ஏகாம்பரம். கடையே சிரித்தது. வேலை போய்விடுமே என்று அவளும் சிரித்தாள்.

காஜா பெராங் கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டுப்போடும் டிரசர் கருணாகரனிடம் வேறொரு மருந்து இருந்தது. சீமையிலிருந்து வரும் ஜெலட்டின் தகடுகள், மிளகைவிடச் சிறியவை. கீழிமைக்குள் வைத்தால் கண்ணீரில் கரைந்து மருந்தை விடும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் கரைந்துபோகும். நாள் முழுக்க நிற்கும் தகட்டைத் தானே செய்து பெயர் வாங்க வேண்டும் என்பது கருணாகரனின் ஆசை. ஜெலட்டினில் ஒரு மஞ்சள் உப்பைக் கலந்து வெயில் காட்டினால் இறுகிவிடும், பிறகு தண்ணீரில் கரையாது என்று போட்டோக் கடை சேதுராமன் சொல்லியிருந்தார். உப்பு கண்ணுக்கு ஆகாது, ஒரு நாள் முழுக்கக் கழுவ வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். கருணாகரன் இரண்டு தண்ணீரில் அலசி, மருந்தில் ஊறவைத்து, போதும் என்று விட்டுவிட்டான்.

"ஒண்ணு வச்சா ஒரு நாளு தாங்கும். டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாத," என்று அவன் ஒரு தகட்டைக் கமலவேணியின் கீழிமைக்குள் வைக்கப்போனான்.

"எரியுமாண்ணே?"

"எரிஞ்சா மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்லா."

அது மாரியம்மன் திருவிழா வாரம். வேண்டுதல் வைத்த பெண்களின் முகமெல்லாம் மஞ்சள். கமலவேணியும் மஞ்சள் நீரில் குளித்திருந்தாள். கண் எரிந்தது, வழிந்த கண்ணீர் மஞ்சளாக இருந்தது. தான் பூசிய மஞ்சள்தான் என்று நினைத்து, அம்மனை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் பொறுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் அடுத்த வீட்டு நாகம்மை அவளைக் கைபிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தாள். நாகம்மை மலாக்கா செட்டி. பெயர் தமிழ், பேச்சு மலாய்.

டாக்டர் நல்லையா யாழ்ப்பாணத்துக்காரர். வீங்கிய இமையைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளை, கண்ணுக்குள்ள என்ன விட்டனீர்?" என்றார்.

கமலவேணி வாய் திறக்கவில்லை. சொல்லாதே என்று கருணாகரன் கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றினாள். டாக்டருக்குப் பின்னால் கருணாகரன் நின்றிருந்தான். தகடு மேலிமைக்குள் ஏறி ஒட்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு செம்புத் தண்ணீரில் கண்ணைக் கழுவிக் கொஞ்சம் பார்வையாவது மீட்டிருக்கலாம்.

"மஞ்சத் தண்ணி, டாக்டர்," என்றான். "வேண்டுதலாம். இவங்களுக்கெல்லாம் சொன்னா ஏறாது."

"சாமி கேட்டதோ உம்மட கண்ணை?" என்று டாக்டர் சத்தம் போட்டார். களிம்பு வைத்துக் கட்டச் சொன்னார். கருணாகரன் தகட்டை உள்ளேயே விட்டுவிட்டு, தன் கையாலேயே இறுக்கிக் கட்டினான்.

இரண்டு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது டாக்டர் வெளியே போயிருந்தார். கருவிழி பால்போல் வெளுத்திருந்தது. சன்னல் எந்தப் பக்கம் என்று கமலவேணிக்குத் தெரியவில்லை. கருணாகரன் பஞ்சைத் தேட, நாகம்மை தன் கைக்குட்டையை நனைத்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல இமையோரத்தைத் துடைத்தாள். சின்னதாக, கெட்டியாக ஏதோ வந்தது. உள்ளங்கையில் வைத்து, இது என்ன என்று மலாயில் கேட்டாள்.

"காய்ந்த பீளை," என்று மலாயிலேயே சொல்லி, அதைச் சுண்டி வாளியில் போட்டான். நாகம்மை வாளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க," என்றாள் கமலவேணி, அவன் இல்லாத திசையைப் பார்த்து. "எனக்காகக் கஷ்டப்பட்டு மருந்து செஞ்சீங்க. நாந்தான் மஞ்சளப் பூசிக் கெடுத்துட்டேன். உங்களப் பத்தி டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"சரி சரி. பாத்துப் போ."

வாசலில் மூன்று படி. நாகம்மை ஒவ்வொரு படிக்கும் நின்று, கமலவேணியின் காலைத் தன் காலால் தொட்டுக் காட்டி, அடுத்ததற்கு இறக்கினாள். அந்த நேரம் கடவுள் அந்தக் கிளினிக்கில் இருந்தார் என்றால் அந்தப் படியில்தான் இருந்திருப்பார்.

உள்ளே கருணாகரன் அடுத்த சீட்டை எடுத்துப் பெயரைக் கூப்பிட்டான்.